சதுர அடி ரேட்டுக்குள் எல்லா நஷ்டத்தையும் அடக்க முடியுமா? சிறு ஒப்பந்ததாரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

உறையூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். திருச்சியில் 14 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். வருடத்துக்கு நான்கைந்து வீடு. அப்பாவும் கொத்தனார்தான், நான் டிப்ளமோ படித்தேன். இந்தத் தொழிலை விட்டுப் போக மனசில்லை. ஆனால் கணக்கு ஒத்து வரவில்லை.

2021 கடைசியில் 1,500 சதுர அடி வீடு ஒன்றுக்கு நிலையான ரேட்டில் (பொருள் விலை ஏறினாலும் மாறாத சதுர அடி ரேட்) கையெழுத்து போட்டேன். அடுத்த சில மாதத்தில் கம்பி விலை ஏறிய வேகம் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 மே மாதம் மத்திய அரசு எஃகுக்கு ஏற்றுமதி வரி போட்ட பிறகுதான் இறங்கியது. அதற்குள் என் வீட்டுக்குத் தளம் போட்டு முடித்துவிட்டேன். கம்பி ஏறத்தாழ 6 டன். கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். கம்பியில் மட்டும் 1,20,000 போனது.

அடுத்தது 2023 மார்ச். பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அந்த நேரம். என்னிடம் இருந்த ஒன்பது பேரும் இரண்டே நாளில் ரயில் ஏறிவிட்டார்கள். ஹோலியும் சேர்ந்து வந்தது. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் ஷீட்டும் முட்டும்) அடித்து, கம்பி கட்டி, தளம் போட வேண்டிய நிலையில் சைட் அப்படியே நின்றது. ஷீட் வாடகை தினமும் ஓடியது. கம்பியில் துரு ஏறியது.

போன வருடம் ஒரு செயலி வாங்கினேன். ஆள் வருகை, சிமென்ட் இருப்பு எல்லாம் போனில் தெரியும் என்றார்கள். சூப்பர்வைசர் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறார். அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

இப்போது 1,800 சதுர அடியில் ஒரு வீடு வந்திருக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் நிலையான சதுர அடி ரேட்தான் வேண்டும் என்கிறார். கையெழுத்து போடலாமா?

*

நொய்யல் கட்டுமானம்:

தம்பி, போடாதீர்கள். இல்லையென்றால் மாற்றி எழுதிப் போடுங்கள். கோவையில் நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான்.

இப்போது என் அக்ரிமென்டில் ஒரு பக்கம் சேர்க்கிறேன். சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல், இந்த ஐந்துக்கும் கையெழுத்து போடும் நாள் விலையை எழுதிவிடுவேன். எந்தக் கடை விலை என்பதும் அதில் இருக்கும். 5 சதவீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் என்னோடு. அதற்கு மேல் ஏறினால் வீட்டுக்காரர் தருவார், இறங்கினால் நான் திருப்பித் தருவேன். பில்லைக் காட்டித்தான் வாங்குவேன். அரசாங்கத்தின் பெரிய ஒப்பந்தங்களில் விலை மாறுபாட்டுக்கு இடம் வைக்கிறார்கள். நம் சின்ன வீட்டு அக்ரிமென்டில் வைத்தால் மட்டும் ஏன் பாவம்?

இரண்டாவது, அளவு. ரேட்டைப் பேசும்போது வரைபடம் முழுசாகக் கையில் இருக்கிறதா? அஸ்திவார ஆழம் மண் பரிசோதனைக்குப் பிறகு வந்ததா, இல்லை பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொன்னதா? என் நஷ்டத்தில் பாதிக்கு மேல் தரைக்குக் கீழேதான் போயிருக்கிறது. 5 அடி என்று பேசிவிட்டுக் களிமண்ணில் 8 அடி தோண்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் தரைமட்டம் வரைக்கும் உண்மையான அளவுக்குப் பணம், அதற்கு மேல்தான் சதுர அடி ரேட்.

*

கட்டிக்கொண்டிருக்கும் டீச்சர்:

நான் ஒப்பந்ததாரர் இல்லை, வீட்டுக்காரி. மதுரையில் என் வீட்டு வேலை நடக்கிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

நிலையான ரேட் ஏன் கேட்கிறோம் தெரியுமா? வங்கிக் கடன் ஒரு தொகைக்குத்தான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் நகையை வைக்க வேண்டும். என் அண்ணன் வீட்டில் ஒப்பந்ததாரர் மாதா மாதம் 'விலை ஏறிவிட்டது' என்று வாங்கிக்கொண்டே இருந்தார். என்ன விலை, எந்தக் கடை, எத்தனை மூட்டை என்று ஒரு நாளும் காட்டவில்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரியோடு 400 ரூபாய் இருந்த மூட்டை 368 ரூபாய் 75 காசுக்கு வர வேண்டும். 600 மூட்டைக்கு 18,750 ரூபாய். எங்கள் ஒப்பந்ததாரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் 'நிலையான ரேட் அம்மா' என்கிறார். ஏறும்போது மட்டும் அது நிலையான ரேட்டாக இருப்பதில்லையே.

நொய்யல் சார் எழுதியது போல இரண்டு பக்கமும் ஓடும் விதி இருந்தால் நான் மனதாரக் கையெழுத்து போடுவேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

*

உறையூர்க்காரன்:

டீச்சர், நீங்கள் எழுதியது உறைத்தது. நானும் விலை இறங்கியதை யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. முந்தைய வீட்டு நஷ்டத்துக்கு ஈடு என்று நினைத்துக்கொள்வேன். அந்த வீட்டுக்காரர் ஏன் இந்த வீட்டு நஷ்டத்தைச் சுமக்க வேண்டும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

*

தூண்_உத்தரம்:

நான் கட்டமைப்பு வடிவமைப்புப் பொறியாளர், சென்னை. பணக் கணக்கை எல்லோரும் பேசுகிறீர்கள். அந்த நஷ்டம் சைட்டில் எங்கே போய் உட்காருகிறது என்று நான் சொல்கிறேன்.

ஒப்பந்ததாரருக்குக் கை கடித்தால் டைல்ஸில் குறைக்க முடியாது, வீட்டுக்காரர் கண்ணில் படும். கண்ணில் படாத இடத்தில்தான் குறைப்பார். முட்டு, கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விடும் கட்டை), வைப்ரேட்டர் (கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் கருவி), தண்ணீர் ஊற்றும் நாள்கள், பள்ளத்துக்குப் பக்கத் தாங்கு. எல்லாம் கட்டடம் முடிந்ததும் மறைந்து போகிற விஷயங்கள்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தெளிவாகச் சொல்கிறது. 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்தரத்துக்கு (பீம்) 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21 நாள். இது சாதாரண ஓபிசி சிமென்டுக்கு. நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அது மெதுவாகப் பலம் பிடிக்கும், இன்னும் பொறுக்க வேண்டும். நான் போகிற சைட்டுகளில் ஐந்தாம் நாளே உத்தரத்து அடி பலகை கழற்றியிருக்கும். ஏன் என்று கேட்டால், 'அடுத்த சைட்டுக்கு ஷீட் வேண்டும் சார்.'

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திராவின் வட மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மழைக்கு ஒதுங்கி உள்ளே நின்றவர்களும் அதில் உண்டு. பக்கத்தில் இருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வரைபடத்தில் கையெழுத்து போடும்போது ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை கணக்கைப் பார்ப்பேன்.

வேளச்சேரியை மறந்துவிட்டோம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. கட்டடத்துக்காகத் தோண்டிய ஏறத்தாழ 50 அடிப் பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். புயல் வருவது பல நாள் முன்பே தெரியும். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்கலாமா என்பது யாரோ ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த 'யாரோ' யார் என்று உங்கள் அக்ரிமென்டில் எழுதியிருக்கிறீர்களா?

*

முட்டுக்கட்டை:

சார், நான் சென்ட்ரிங் மேஸ்திரி. பேரன் டைப் பண்ணித் தருகிறான்.

ஐந்தாம் நாள் நாங்கள் ஏன் கழற்றுகிறோம் என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. ஷீட்டும் ஜாக்கியும் (இரும்பு முட்டு) எனக்குச் சொந்தம் இல்லை, வாடகை. ஒப்பந்ததாரர் எனக்குச் சதுர அடிக்குத்தான் காசு தருகிறார், ஷீட் எத்தனை நாள் நின்றது என்று பார்ப்பதில்லை. ஏழு நாள் நின்றாலும் இருபத்தொரு நாள் நின்றாலும் எனக்கு அதே காசு. கூடுதல் நாள் வாடகை என் கையிலிருந்து போகிறது. நான் வீட்டுக்கு என்ன கொண்டு போவேன்?

நாள் வாடகையை ஒப்பந்ததாரர் தனியாகக் கொடுத்தால் 21 நாள் என்ன, ஒரு மாதம் கூட நிற்கட்டும், எனக்கென்ன. ஒருத்தர் கொடுத்தார். அவர் சைட்டில் நான் ஒரு முட்டைக் கூட அவசரப்பட்டுத் தட்டியதில்லை.

அப்புறம், முட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயரம் சரிக்கட்டுவதைத் தயவுசெய்து தடுங்கள். மழையில் மண் இளகினால் செங்கல் புரண்டுவிடும். பலகை போட்டு அதன்மேல் முட்டு நிறுத்த வேண்டும். என் மாமன் அப்படி ஒரு தளத்தோடு போனவர்.

*

தூண்_உத்தரம்:

ஐயா, பத்து வருடமாக நான் மேஸ்திரிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாடகைக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டும். இனி என் வரைபடக் குறிப்பிலேயே 'முட்டு நாள் வாடகை தனி' என்று எழுதப்போகிறேன்.

*

சித்தாள் மகள்:

என் அம்மா 26 வருடம் சித்தாள். நான் சட்டம் படித்துவிட்டு, விழுப்புரம் பக்கம் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்கிறேன். ஆள் பற்றாக்குறை என்று ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் சொல்கிறார். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

என் அம்மாவுக்குக் கலவை பதம் தெரியும். ரசமட்டம் பார்க்கத் தெரியும். கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு வரி செங்கல் வைத்துவிடுவார், வந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 26 வருடமும் அவர் கையில் கரணை கொடுக்கப்படவில்லை. சட்டிதான். ஆண் பையன் ஒருவன் நிமிந்தாளாக (கொத்தனாருக்கு உதவும் ஆண் கூலி) வந்தால் மூன்று நான்கு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாள் சித்தாளாகவே இடுப்பு ஒடிந்து வீட்டுக்குப் போவாள். எங்கள் பக்கம் கொத்தனார் கூலியில் பாதிக்குச் சற்று மேல்தான் அவளுக்கு. உறையூர் அண்ணன் ஒன்பது பேர் ரயில் ஏறியதும் சைட் நின்றது என்கிறார். அன்றைக்கு அங்கே எத்தனை சித்தாள் நின்றிருந்தார்கள்? அவர்களில் ஒருவருக்காவது கம்பி கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தீர்களா அண்ணா? கம்பி கட்டுவதற்கு முதலில் வேண்டியது கை வேகமும் பொறுமையும்தான். நாங்கள் பயிற்சி கொடுத்த பெண்கள் மூன்று மாதத்தில் ஸ்டிரப் (நீளக் கம்பிகளைச் சுற்றி வரும் கம்பி வளையம்) வளைத்துக் கட்டுகிறார்கள்.

வடக்கிலிருந்து வருபவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் அவர்கள் ஓடியது வீடியோவால் மட்டும் இல்லை. அன்றைக்கு இரவு அவர்கள் மொழியில் 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று சொல்ல சைட்டில் யாரும் இல்லை. பல ஒப்பந்ததாரருக்கு அவர்கள் பெயரே தெரியாது, ஏஜென்ட் பெயர்தான் தெரியும். கூலி ஏஜென்ட் கைக்குப் போய், பிடித்தம் போக மீதி அவர்களுக்கு. தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர். மே மாதம் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது செங்கல்பட்டிலிருந்து ஒடிசாவுக்கு நடக்கக் கிளம்பியவர்களை நானே சாலையில் பார்த்தேன். ஒரு சைட்டில் மட்டும் ஒருவரும் கிளம்பவில்லை. அந்த மேஸ்திரி மனைவி தினமும் சோறு ஆக்கிப் போட்டார். வேலை திரும்பத் தொடங்கிய அன்றே அந்த சைட் ஓடியது.

இனி சட்டம். கட்டட அனுமதி வாங்கும்போது மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குக் கட்டுகிறோம். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் இருந்து, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு வந்துவிட்ட விதிப்படி, 18 வயதிலிருந்து 60 வரை உள்ளவர், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் வாரியத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் இதற்கென்று வாரியம் 1994லேயே வந்துவிட்டது. பணம் உங்களிடமிருந்துதான் போகிறது, ஆனால் உங்கள் ஆள் பதிவு செய்யாததால் விபத்து நடந்தால் அந்தக் குடும்பம் அலைகிறது. ஊட்டி லவ்டேலில் 2024 பிப்ரவரியில் கட்டட வேலையில் இருந்த ஆறு பெண்கள் மேலே இருந்த கட்டடம் சரிந்து இறந்தார்கள். எல்லோரும் கூலிப் பெண்கள். அந்தச் செய்தி வந்த நாளில் என் அம்மா சாப்பிடவில்லை.

ஊழியர் இழப்பீட்டு விதிகளையும் படியுங்கள். முன்பு 1923 சட்டத்தில் இருந்தன, 2025 நவம்பர் 21 முதல் அதே சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. ஆள் மேஸ்திரியுடையவர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, முதன்மை ஒப்பந்ததாரர் மேல் பொறுப்பு வரும். அதற்கான காப்பீடு ஆள் எண்ணிக்கையையும் கூலியையும் வைத்துப் போடுவது. ஒரு விபத்து இழப்பீட்டின் முன்னால் அந்தப் பிரீமியம் ஒன்றுமே இல்லை. கட்டட வேலைக்கான முழுப் பாதுகாப்பு பாலிசி வேறு, இது வேறு. முதலாவதை வாங்கிவிட்டு ஆளுக்கும் சேர்த்து ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்.

*

லேசர்_மட்டம்:

அக்கா எழுதியதை ஏற்கிறேன். ஆனால் ஆள் குறைந்துகொண்டேதான் போகும், கொத்தனார் பிள்ளை யாரும் கொத்தனார் ஆவதில்லை. இயந்திரம் தவிர வழியில்லை. பெரிய குடியிருப்புகளில் அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் (அலுமினிய சென்ட்ரிங் அச்சு) சுவரையும் தளத்தையும் ஒரே நாளில் ஊற்றுகிறார்கள். ஏஏசி பிளாக் (எடை குறைந்த கட்டுமானக் கல்), இயந்திரப் பூச்சு, ரெடிமிக்ஸ் (பிளான்டில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்), இதையெல்லாம் சின்ன ஒப்பந்ததாரரும் எடுக்க வேண்டும். நான் படித்து முடித்து நான்கு வருடம்தான் ஆகிறது, தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

*

நொய்யல் கட்டுமானம்:

தம்பி, அலுமினிய ஃபார்ம்வொர்க் ஒரே மாதிரி நூறு வீடு கட்டினால்தான் கட்டுப்படியாகும். ஒவ்வொரு வீடும் ஒரு வாஸ்துவில் போகிற நமக்கு அது இல்லை. வாங்கி ஏமாந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் காசு மிச்சம் பிடித்தது மூன்று. லேசர் மட்டம் (ஒளிக்கோட்டில் மட்டம் பார்க்கும் கருவி), அதனால் பூச்சுக் கனம் குறைந்தது. சின்ன கம்பி வளைக்கும் இயந்திரம். ரெடிமிக்ஸ். ரெடிமிக்ஸில் ஒரு எச்சரிக்கை: வண்டி பிளான்டில் ஏற்றிய நேரம் சீட்டில் இருக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். பம்ப் ஓட்டுபவர் 'கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் விடுங்கள்' என்பார். விட்டால் எம்25 (கான்கிரீட்டின் பலத் தரம்) என்று காசு கொடுத்து வாங்கியது எம்25 இல்லை. அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல சைட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

செயலி பற்றி. சூப்பர்வைசரை முப்பது கட்டம் நிரப்பச் சொன்னால் சாயங்காலம்தான் நிரப்புவார், அவர் மேல் தப்பில்லை. நான் மூன்றே மூன்று போட்டோ கேட்கிறேன், வாட்ஸ்அப்பில். காலை 8 மணிக்கு ஆட்கள் வரிசையாக நிற்பது. கான்கிரீட் போட்டு மூடுவதற்கு முன் கம்பி, கவர் பிளாக்கோடு. மாலை சிமென்ட் அடுக்கு. அதே குழுவில் வீட்டுக்காரரும் இருப்பார்.

*

ஜூரோங் தமிழன்:

சிங்கப்பூரில் கட்டுமானப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன், ஊர் புதுக்கோட்டை பக்கம். இங்கே எல்லாம் முதலிலிருந்தே ஒழுங்காக இருந்தது என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். சுவர் நகர்கிறது என்று அளவுக் கருவிகள் முன்பே காட்டின. அதைக் கேட்டு வேலையை நிறுத்தவில்லை. 2006 வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நொய்யல் அண்ணன் செயலி பற்றி எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. கருவி இருந்தது, எண் வந்தது, நிறுத்துவதற்கு யாரும் முன்வரவில்லை.

தினமும் காலை வேலைக்கு முன் எல்லோரையும் நிறுத்திப் பேசுவோம், தமிழிலும் வங்காளத்திலும். இன்றைக்கு எது ஆபத்து, யார் எங்கே. பத்து நிமிடம். திருச்சி வீட்டு சைட்டில் இதற்கு ஐந்து நிமிடம் போதும், செலவே இல்லை. மண் வெடிப்பை முதலில் பார்க்கிறவன் பள்ளத்தில் நிற்கும் ஆள்தான். அவன் 'நிறுத்துங்கள்' என்றால் அன்றைய கூலி பிடிக்கப்படாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வாயைத் திறக்க மாட்டான். எங்கள் ஊர்ப் பையன்களே இங்கே வந்த புதிதில் திறக்க மாட்டார்கள்.

*

உறையூர்க்காரன் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த இழையை அச்செடுத்து வீட்டுக்காரரிடமே கொடுத்தேன். டீச்சர் எழுதியதை இரண்டு முறை படித்தார். விலை விதிக்கு ஒத்துக்கொண்டார், 5 சதவீதம், இரண்டு பக்கமும். தரைமட்டம் வரை அளவுக் கணக்கு என்பதற்கும் சரி என்றார். மண் பரிசோதனைக்கு அவரே பணம் கொடுத்தார். முட்டு நாள் வாடகையைத் தனியாகக் கேட்டபோதுதான் யோசித்தார். 'இது உங்கள் செலவுதானே' என்றார். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் 14 நாள் வரை என் பொறுப்பு, உத்தரத்துக்கு அதற்கு மேல் ஆகும் நாளுக்கு ஆளுக்குப் பாதி. எனக்குக் கொஞ்சம் வலிதான், ஆனால் மேஸ்திரிக்கு முழு வாடகையும் போகிறது.

ஊழியர் இழப்பீட்டு பாலிசி போட்டாகிவிட்டது. இரண்டு சித்தாள்கள் கம்பி கட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கற்கும் நாளுக்கும் முழுக் கூலி. பழைய கம்பி மேஸ்திரி முதலில் முணுமுணுத்தார், இப்போது அவர்தான் ஸ்டிரப்புக்கு அவர்களைக் கூப்பிடுகிறார். வடக்கு ஆட்கள் ஆறு பேரின் பெயரையும் ஊரையும் நானே எழுதி வாங்கினேன். கூலியை அவரவர் கணக்கிலேயே போடுகிறேன். ஏஜென்டுக்குத் தனியாக ஒரு தொகை. அவருக்குக் கோபம், இன்னும் பேசி முடியவில்லை.

செயலியை நிறுத்திவிட்டேன். மூன்று போட்டோ ஓடுகிறது.

வியாழக்கிழமை முதல் தளம். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க 150 மில்லிமீட்டர் கியூப் அச்சு ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று 7 நாளுக்கு, மூன்று 28 நாளுக்கு.

*

முட்டுக்கட்டை:

தம்பி, வியாழக்கிழமை மழை என்கிறார்கள். தார்ப்பாய் எடுத்து வையுங்கள். முட்டுக்கு அடியில் பலகை போட்டாச்சா?

*

உறையூர்க்காரன்:

போட்டாச்சு ஐயா. காலையில் போட்டோ அனுப்புகிறேன்.